தலைக்கு ஊற்றிய பிறகு மிஞ்சிய மருந்து

அன்பு மகன் ராசுவுக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு இன்று மனமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, என் கையால் சாப்பிட்டு, வெயில் தாழப் பதுளை பஸ்ஸுக்கு இறங்கிப் போனவனுக்கு அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது? நான்தான் நலமாக இல்லை. கொழுந்து பறிக்கும்போதும் அடுப்பு ஊதும்போதும் நீ சொல்லிவிட்டுப் போனது காதுக்குள் கிடந்து குடைகிறது. நீ எதிரில் இருந்தபோது எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது, ஆனால் நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவரை எல்லாத் தோட்டத்திலும் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்; அடுத்த மாதத்திலிருந்து உன்னையும் அப்படித்தான் கூப்பிடப் போகிறார்கள். அந்தப் பெயர் உன் காதுக்குப் பழகிவிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும். எனக்கு ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. நீ சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். அப்பா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "நீ போற மடுல்சீமைப் பக்கம் நெருப்புக் காய்ச்சல் ஜாஸ்தியாமே ராசு, அங்க மருந்தெல்லாம் ஒழுங்கா கெடைக்குமா?" என்று கேட்டார். டைபாய்டு என்று சொல்லச் சொல்லி அவரைத் திருத்தினாய். பிறகு சொன்னாய்: "மருந்து கெடைக்கும்ப்பா. ஆனா லயத்து ஆளுங்களுக்கு அதக் குடுக்குறது வீண். காய்ச்சல் விட்டதும் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு மருந்த நிப்பாட்டிருவாங்க. மிச்சத்த அதே வரிசையில அடுத்த காம்பரா வீட்டுக்குக் குடுத்துருவாங்க. அரைகொறையா குடிச்சா கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிப் போயிரும். அப்புறம் அந்த மருந்து ஒருத்தருக்கும் கேக்காது. நான் போற எடத்துல அந்த மாத்திரய கிளாக்கர் மாதிரி ஸ்டாப்பு வீடுகளுக்கு மட்டுந்தான் குடுக்கப் போறேன். லயத்துக்குக் காய்ச்சலுக்குக் குடுக்குற மிக்சர் தண்ணி போதும்." அப்பா வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "மிக்சருக்கு நெருப்புக் காய்ச்சல் விடுமா?" என்றார். "தாங்குறவங்க தாங்குவாங்க," என்றாய். அதோடு நிறுத்தினாயா? "ஏன், நம்ம வீட்டுலயே நடக்கலயா? பாக்கியத்துக்கு அம்மா செஞ்சதும் அதானே?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

அப்போது வாசலில் அடுத்த காம்பரா செல்லம்மா நின்றுகொண்டிருந்தாள். நீ வந்திருக்கிறாய் என்று பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தவள், தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அந்தப் பணியாரத்தையும் நீ தின்றுவிட்டுத்தான் போனாய். அவள் மகள் புஷ்பம் எங்கே வாக்கப்பட்டிருக்கிறாள் என்று நீ ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நீ போய் நாற்காலியில் உட்காரப்போகிற அதே தோட்டத்தில்தான் அவள் இருக்கிறாள். மேல் டிவிசன் லயத்தில், கைக்குழந்தையோடு. ஸ்டாப்பு வீட்டில் இல்லை.

உன் தங்கச்சி பாக்கியம் சாகும்போது நீ பதுளையில் போர்டிங்கில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். மண் போடத்தான் வந்து சேர்ந்தாய். பிறகு நம் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பழகப் போனபோது அங்கே இருந்த டாக்டர் ஐயா உனக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்து மனிதர், கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். "உன்ர அம்மா மருந்தைப் பாதியிலை நிப்பாட்டிப் போட்டா, அதாலைதான் பிள்ளை செத்துப்போச்சுது" என்று அவர் சொன்னதாக அப்பாவிடம் நீ அழுதுகொண்டு வந்து சொன்னாயாம். என்னிடம் கேட்கவில்லை. இத்தனை வருசமும் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு எனக்குச் சேலை வாங்கி வந்துகொண்டிருந்தாய். அவர் சொன்னது பொய் இல்லை, ராசு. ஆனால் அவருக்குத் தெரிந்து சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அவருக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் இப்போது நான் சொல்கிறேன்.

நம் லயத்துப் பீலி உனக்குத் தெரியும். மலைக்கு மேலிருந்து வருகிற ஓடைத் தண்ணீரைத் தகரம் வைத்து இறக்கியிருக்கிற இடம். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். அந்த ஓடைக்கு மேலே இன்னொரு லயம் இருக்கிறது. அந்த லயத்துக்குக் கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்று எத்தனை துரைமார் சொல்லிவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள்! தேயிலைச் செடிக்குள் போகிறவர்கள் போனது மழை பெய்தால் எங்கே வரும் என்று உனக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு மழைக்கும் ஒரு காம்பராவில் காய்ச்சல் விழும். மருந்து வராத காலத்தில் வாரக்கணக்காகக் கஞ்சித் தண்ணீரோடு போட்டுவைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம். என் கூடப்பிறந்த அண்ணன் அப்படிக் கிடந்து பிதற்றித்தான் போனார். அதனால் அந்தப் புது மாத்திரை வந்தபோது, உறைக்குள் தூள் போட்ட அந்தச் சின்னச் சாமானுக்கு, லயமே கையெடுத்துக் கும்பிட்டது. கிருமி பழகிப்போகும் என்று பேசுகிற உனக்கு அந்தக் கும்பிடு தெரியாது.

பாக்கியத்துக்குக் காய்ச்சல் கண்டு அப்பா அவளைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார். டாக்டர் ஐயா பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்து மாத்திரை கொடுத்தார். "ஒண்டையும் மிச்சம் விடாமல் குடுக்க வேணும், விளங்குதோ?" என்றும் சொன்னார். சொன்னார் என்பதை நான் மறைக்கவில்லை. நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "அம்மா, ரொட்டி சுட்டுத் தா" என்று கேட்டாள். காய்ச்சல் விட்ட வயிற்றுக்கு ரொட்டி கொடுக்கக்கூடாதே என்று நான் அழுதேன். பசிக்கிறது என்று சொல்லிவிட்டாளே என்றும் அழுதேன். அப்போது லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்து வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் காயவைத்தார்கள். அம்மைக்கு உள்ள வழக்கத்தைத்தான் நாங்கள் எல்லாக் காய்ச்சலுக்கும் வைத்திருந்தோம். தலைக்கு ஊற்றிவிட்டால் நோய் வீட்டை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகும் மருந்து கொடுப்பது போனதைத் திரும்பக் கூப்பிடுவது மாதிரி. முட்டாள்தனம் என்கிறாய். சரி, முட்டாள்தனம். ஆனால் அந்த முட்டாள்தனத்தை நாங்கள் மட்டும் செய்யவில்லை. அதைத்தான் உன் குரு உனக்குச் சொல்லாமல் விட்டார்.

காய்ச்சல்காரப் பிள்ளை இருக்கிற வீட்டில் தாய்க்கு வேலைக்கு வராமலிருக்க டிஸ்பென்சரியில் ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டு எதுவரைக்கும் செல்லும்? மருந்து முடியும்வரை அல்ல. தலைக்கு ஊற்றும்வரை. அதுதான் தோட்டத்து வழக்கம். நாங்கள் போட்டதல்ல, அவர்கள் பிடித்துக்கொண்டது. அப்பா இரண்டாவது தடவை டிஸ்பென்சரிக்குப் போனபோது டாக்டர் ஐயா கேட்டது, "மருந்து எவ்வளவு மிச்சமிருக்கு?" என்று இல்லை. "தலைக்கு வார்த்தாச்சோ? அப்ப நாளையிலையிருந்து மனிசி வேலைக்குப் போகலாம்" என்றார். அன்று சாயங்காலமே கங்காணி வாசலில் வந்து நின்று, "தண்ணி ஊத்தியாச்சாமே, நாளைக்குக் காலைல ஆளெண்ணுற பெரட்டுக்கு வந்துரு. வராட்டி பேரு கெடையாது, சம்பளமும் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான். நீயே சொல்லு. மாத்திரையை முடிக்கச் சொன்னது ஒரு வாய். நோய் முடிந்தது என்று சொன்னதும் அதே வாய். எங்கள் அன்றாடச் சம்பளத்தைத் தொட்டது எதுவோ அதைத்தான் நாங்கள் உத்தரவென்று எடுத்துக்கொண்டோம். விடிகாலையில் பெரட்டுக்களத்தில் நிற்கிறவள், வீட்டில் தனியாகக் கிடக்கிற பிள்ளைக்கு நேரம் பார்த்து யாரை வைத்து மாத்திரை கொடுப்பாள்? இதெல்லாம் தெரிந்தவர்தான் உனக்கு "அம்மா நிப்பாட்டிப் போட்டா" என்று சொன்னார்.

இனி அவருக்கும் தெரியாதது. மாத்திரை மிஞ்சியது உண்மை. அந்த வாரமே செல்லம்மாவின் மகன் முருகேசு காய்ச்சலில் விழுந்தான். டிஸ்பென்சரி அலமாரியில் மாத்திரை தீர்ந்துவிட்டது. துரை கையெழுத்துப் போட்டுத்தான் பதுளையிலிருந்து வரவேண்டும், துரையோ நுவரெலியாவுக்குப் போயிருந்தார். முருகேசுக்கு மிக்சர் கொடுத்து அனுப்பினார்கள். நீ சொல்கிறாயே, தாங்குகிறவர்கள் தாங்குவார்கள் என்று, அந்த மிக்சர். அவன் தாங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் முனகுவது எனக்குக் கேட்கும். செல்லம்மா வந்து என் வாசலில் நின்றாள். கேட்கவில்லை. என் பிள்ளை எழுந்து உட்கார்ந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். நான் மாத்திரைகளை எடுத்து அவள் கையில் வைத்து மூடினேன். "பாக்கியத்துக்கு வேணாமாக்கா?" என்றாள். "அவளுக்குத்தான் ஊத்தியாச்சே, எடுத்துட்டுப் போ" என்றேன். அந்த நேரம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வாழ்க்கையில் ஒரு தடவை, ஒருத்திக்குக் கொடுக்க என் கையில் ஏதோ இருந்தது.

முருகேசுக்குக் காய்ச்சல் விட்டது. பாக்கியத்துக்குத் திரும்ப வந்தது. அப்பா மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். டாக்டர் ஐயா என்னைப் பார்த்துக் கத்தினார்: "மிச்ச மருந்து எங்கை?" செல்லம்மாவுக்குக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் அவளைத்தான் முதலில் பிடித்திருப்பார்கள், தோட்டத்து மருந்தைத் திருடினாள் என்று வேலையை விட்டு நீக்குகிற பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்து லயத்தை விட்டே துரத்தியிருப்பார்கள். எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார். அதற்குள் அலமாரிக்கு மருந்து வந்திருந்தது. புதிதாகக் கொடுத்தார், முன்னைவிடக் கூடவே கொடுத்தார். இந்தத் தடவை காய்ச்சல் அசையவில்லை. கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு நடுவே அவளை மடியில் போட்டுக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த பெரிய டாக்டர் நல்லவர். இரத்தம் எடுத்துப் பார்த்தார், ஊசி போட்டார், அவரும் அந்த மாத்திரையையே கொடுத்துப் பார்த்தார். பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் கிருமி அந்த மருந்துக்கு இப்ப மசியுதில்லை. பாதி மருந்திலை தப்பின கிருமியாயும் இருக்கலாம். வேறை ஆரிட்டையாவது இருந்து அப்பிடியே வந்ததாயும் இருக்கலாம். எனக்கே நிச்சயமாச் சொல்லத் தெரியேல்லை" என்றாராம். அவ்வளவு படித்தவருக்கு நிச்சயமில்லை. உனக்கு மட்டும் நிச்சயம். வயிற்றுக்குள் குடல் ஓட்டையாகி மறுநாள் அவள் போய்விட்டாள். ஒன்பது வயது. ரொட்டி ரொட்டி என்று கேட்டுக்கொண்டே போனாள்.

முருகேசு பிழைத்துவிட்டான். நீ இங்கே வந்தபோது உன் பெட்டியைப் பஸ் நிற்கிற இடம்வரை தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தானே, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற அந்த முரடன், அவன்தான். அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ வருசம் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். என் பிள்ளையின் உயிரை விழுங்கிவிட்டுச் சிரிக்கிறான் என்று வாய்க்குள்ளேயே சபித்திருக்கிறேன். செல்லம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே, நல்ல நாள் பெரிய நாள் என்றால் முதல் தட்டு என் வீட்டுக்குத்தான் கொண்டு வருவாள். நானும் வாங்கிக்கொள்வேன். நாங்கள் இரண்டு பேரும் பாக்கியத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் பேசியதில்லை. அப்படி மூடிக் கிடந்ததைத்தான் நீ சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு அவள் காதுபடப் போட்டு உடைத்தாய்.

இப்போது சொல்லு. நான் கொடுத்திருக்கக்கூடாது என்கிறாயா? கொடுக்காமலிருந்தால் பாக்கியம் இருந்திருப்பாளோ என்னவோ. முருகேசு நிச்சயமாக இருந்திருக்கமாட்டான். அவனைக் கூப்பிட்டு நிற்கவைத்து, நீ செத்திருக்கவேண்டும் என்று உன்னால் சொல்ல முடியுமா? எனக்கு முடியவில்லை. அவ்வளவு சபித்த எனக்கே முடியவில்லை. கிருமி பழகிப்போகிறது என்று நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. படித்தவன் நீ, உண்மையாகத்தான் இருக்கும். என் மடியிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அது பழகிப்போனது லயத்து ஆட்களின் புத்திக் கேட்டினால் மட்டும் என்று வாய் கூசாமல் சொல்கிறாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு மருந்து வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளைக்குப் போதுமானதை மட்டும் வாங்கி வைத்தது லயமா? கக்கூஸ் கட்டாதது லயமா? தலைக்கு ஊற்றியாயிற்றா என்று கேட்டுப் பெரட்டுக்குப் பெயர் கொடுத்தது லயமா? பழியை மட்டும் முழுதாக எங்கள் தலையில் கட்டுகிறாய். மருந்தை அப்படி முழுதாக ஒரு நாளும் எங்களுக்கு யாரும் தந்ததில்லை.

நீ நியாயமாக ஏதாவது செய்ய நினைத்தால் செய்ய இடமிருக்கிறது. தலைக்கு ஊற்றாதே என்று சொன்னால் எவளும் கேட்கமாட்டாள், நானே கேட்டிருக்கமாட்டேன். மாத்திரை முடிகிற நாளன்றுதான் ஊற்றவேண்டும் என்று சொல்லிப் பார். அந்த நாள்வரைக்கும் தாய்க்குத் துண்டை நீ எழுதிக் கொடு. கங்காணி வந்து குதிப்பான், துரை கூப்பிட்டுக் கேட்பார், பெரிய கிளாக்கர் உன்னைப் பார்த்துச் சிரிப்பார். உனக்குப் பயமாக இருக்கும். எனக்குத் தெரியும், உனக்கு நாற்காலியின் மேல் ஆசை. ஸ்டாப்பு வீட்டுக்கு மட்டும் கொடுத்தால் ஒருவரும் உன்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள். மருந்தும் மிஞ்சும், துரையும் மெச்சுவார். கிருமியை நினைத்துத்தான் அப்படிச் செய்கிறேன் என்று உனக்கே சொல்லிக்கொண்டு நன்றாகத் தூங்கலாம். மடுல்சீமையிலிருந்து ஒரு பிள்ளையைப் பதுளைக்குக் கொண்டுவருவதற்குப் பாதை இருக்கிற லட்சணத்தையும் யோசித்துக்கொள். நீ அலமாரியைப் பூட்டினால் அந்த மலையில் வேறு அலமாரி கிடையாது.

நான் உன்னை லயத்தை விட்டு எப்படியாவது வெளியே அனுப்பிவிடவேண்டும் என்று துடித்தவள். இருந்த ஒரு பிள்ளையையாவது பீலித் தண்ணீர் படாத இடத்தில் வைக்கவேண்டும் என்று போர்டிங்கிலேயே விட்டு வைத்தேன்; லீவுக்குக்கூட அதிகம் கூப்பிடவில்லை. அது சரிதானா என்று இப்போது யோசிக்கிறேன். பிறந்த காம்பராவில் உட்கார்ந்துகொண்டு "லயத்து ஆளுங்க" என்று நீ சொன்னபோது, யாரைச் சொல்கிறாய் என்று எனக்கு ஒரு நிமிசம் விளங்கவேயில்லை. இவ்வளவு தூரம் போவாய் என்று நினைத்து நான் உன்னை அனுப்பவில்லை, ராசு.

நேற்று வேலை விட்டு வந்தபோது செல்லம்மா என் வாசலுக்கு வந்தாள். கையில் தட்டு இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அக்கா, தம்பி சொன்னத நான் கேட்டுட்டேன். எம்மேல கோவப்பட அதுக்கு உரிமை இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா புஷ்பம் அங்கதான இருக்கா. மழை வருது. அவ புள்ளைக்குக் காய்ச்சல் கண்டா தம்பி அந்த மாத்திரயக் குடுக்குமா, குடுக்காதா? குடுக்காதுன்னா இப்பவே சொல்லிரச் சொல்லுக்கா. நான் போயி புள்ளயக் கூட்டியாந்துர்றேன்" என்றாள். அழவில்லை. சந்தையில் அரிசி இருக்கிறதா என்று கேட்பது மாதிரிக் கேட்டாள்.

என் வயிற்றில் பிறந்தவன் கொடுப்பான் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. உன்னிடமே கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆகையால் இந்தக் கடிதத்துக்கு நீ எனக்குப் பதில் போட வேண்டாம். அவளுக்குப் போடு. அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். ஒரு தடவை அவளுக்காகப் பொய் சொன்னேன். உனக்காகச் சொல்லமாட்டேன். நீ எழுதியதை எழுதியபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அவள் முகத்தைப் பார்த்து வாசிப்பேன். யோசித்து எழுது.

அம்மா